கவுன்சில் மீது ஒம்புட்ஸ்மனிடம் போவது எப்படி? மாமியின் குப்பைத் தொட்டி கற்றுத்தந்த வழி

மாமிக்கு 78 வயது. முழங்கால் இரண்டும் சரியில்லை, கைத்தடி இல்லாமல் வாசற்படி இறங்க மாட்டார். லண்டன் புறநகர் ஒன்றில் தனியாக இருக்கிறார். குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துக்கொண்டுபோய் வைக்க முடியாதவர்களுக்காகக் கவுன்சில்களில் (உள்ளூராட்சி சபைகளில்) ஓர் ஏற்பாடு உண்டு, அசிஸ்டெட் கலெக்‌ஷன் என்பார்கள். தொழிலாளர்களே வாசலுக்கு வந்து தொட்டியை எடுத்து, காலியாக்கி, திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். மாமி அந்தப் பட்டியலில் இருக்கிறார். ஆனாலும் லொறி வந்து போகும், தெருவில் எல்லாருடைய குப்பையும் போகும், மாமியுடையது மட்டும் அப்படியே கிடக்கும். எடுத்த நாளிலோ தொட்டியை நடைபாதையின் நடுவில் விட்டுவிட்டுப் போவார்கள், மாமி அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போக வேண்டும்.

இதை ஒம்புட்ஸ்மன் (கவுன்சில் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அலுவலகம்) வரை கொண்டுபோய்ச் சரிசெய்ய எனக்கு 13 மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் முழுக்க என் அறியாமையால் வீணானது. கவுன்சில் செய்த பிழையை விட, அதை எங்கே, எந்தச் சொல்லில், எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாததுதான் என்னை அதிகம் அலைய வைத்தது. புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்களும், வந்து இருபது வருடமாகியும் கவுன்சில் கடிதம் என்றாலே மேசை லாச்சிக்குள் போட்டுவிடுபவர்களும் (என் அண்ணனைச் சொல்லவில்லை) அதே அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஒம்புட்ஸ்மன் அலுவலகங்கள் இருக்கின்றன, விதிகளும் கொஞ்சம் வேறு.

1. உங்கள் பிரச்சினைக்கு இதுதான் சரியான கதவா என்று முதலில் பாருங்கள்

நாம் பேசுவது லோக்கல் கவர்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மன் என்ற அலுவலகத்தைப் பற்றி. கவுன்சிலுக்கு வெளியே நின்று, இரண்டு பக்கமும் சேராமல் விசாரிப்பது அவர்களின் வேலை. குப்பை, கவுன்சில் வரி வசூல் முறை, வீடற்றவர்களுக்கான உதவி, சமூக வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல், பிள்ளைகளின் விசேட கல்வித் தேவை, முதியோர் பராமரிப்பு, பக்கத்து வீட்டுக் கட்டட அனுமதி எல்லாம் இவர்களிடம் போகலாம். தனியார் முதியோர் இல்லம் பற்றிய முறைப்பாடும் இவர்களிடம் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. சொந்தக் காசு கட்டி இருப்பவர்களும் போகலாம்.

போகக்கூடாத இடங்களும் நிறைய. நீங்கள் கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருந்து, கூரை ஒழுகுகிறது, சுவரில் பூஞ்சணம் என்றால் அது ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் என்ற வேறொரு அலுவலகம். அதே கவுன்சில் உங்களுக்கு வீடு ஒதுக்கவில்லை, வீடற்றவர் என்று பதியவில்லை என்றால் இங்கே. இந்தக் குழப்பத்தில் மாதக்கணக்கில் அல்லாடியவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, ஜிபி (குடும்ப வைத்தியர்) என்றால் சுகாதாரத்துக்கான ஒம்புட்ஸ்மன். ஊர்மட்டத்துச் சிறிய கவுன்சிலான பேரிஷ் கவுன்சில் மீதான முறைப்பாட்டை இவர்கள் எடுப்பதே இல்லை.

லண்டனுக்கு வெளியே சில இடங்களில் கவுன்சில் இரண்டு அடுக்கு. குப்பை எடுப்பது மாவட்டக் கவுன்சில். வீதி, பாடசாலை, முதியோர் பராமரிப்பு கவுண்டி கவுன்சில். வீதிப் பள்ளத்துக்கு மாவட்டக் கவுன்சிலிடம் எழுதினால் "எங்களுடையது இல்லை" என்று பதில் வரும், அதற்குள் மூன்று வாரம் போய்விடும்.

இதை விடப் பெரிய பொறி மேன்முறையீட்டு உரிமை. உங்கள் விஷயத்துக்கென்று ஒரு தீர்ப்பாயமோ மேன்முறையீட்டு வழியோ சட்டத்தில் இருந்தால், ஒம்புட்ஸ்மன் பெரும்பாலும் "அங்கே போங்கள்" என்றுதான் சொல்வார். பார்க்கிங் தண்டத்துக்கு நீங்கள் எழுதிய ஆட்சேபத்தைக் கவுன்சில் மறுத்தால் 28 நாளுக்குள் தீர்ப்பாயம். லண்டனில் அதன் பெயர் லண்டன் டிரைபியூனல்ஸ், வெளியே டிராஃபிக் பெனல்டி டிரைபியூனல். வீடற்றவர் விண்ணப்பத்தில் பாதகமான முடிவு வந்தால், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்க 21 நாள் மட்டுமே. ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கான உதவித்தொகை) முடிவுக்கு ஒரு மாதம். நீங்கள் முறைப்பாடு எழுதிக்கொண்டிருப்பதால் இந்த நாட்கள் நிற்காது. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாலும் தகும்.

எல்லாம் இப்படி வெட்டொன்று துண்டிரண்டு என்று இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கு இஎச்சிபி என்ற கல்வித் திட்டம் கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வர வேண்டும் என்பது சட்டம். வந்த திட்டத்தில் எழுதியிருப்பது பிடிக்கவில்லை என்றால் தீர்ப்பாயம். 40 வாரமாகியும் திட்டமே வரவில்லை என்றால் அந்தத் தாமதம் ஒம்புட்ஸ்மனுடைய எல்லைக்குள். ஒரே கோப்பு, இரண்டு கதவுகள். கட்டட அனுமதியும் இப்படித்தான்: அனுமதி மறுக்கப்பட்டவருக்கு மேன்முறையீடு உண்டு, அதை எதிர்த்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது, ஆகவே அவர் ஒம்புட்ஸ்மனிடம் வரலாம்.

2. தெரிவிப்பது வேறு, முறைப்பாடு செய்வது வேறு

என் நான்கு மாதம் தொலைந்தது இங்கேதான்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கவுன்சிலின் ஆப்பில் 14 தடவை "குப்பை எடுக்கவில்லை" என்று பதிந்தேன். 14 தடவையும் ஓர் இலக்கம் வந்தது, இரண்டு நாளில் "முடிக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. சில தடவை உண்மையிலேயே லொறி திரும்பி வந்து எடுத்தது, சில தடவை ஒன்றுமே நடக்கவில்லை, இருந்தாலும் முடிக்கப்பட்டது. எனக்கு ஆத்திரம் வந்து நேரே ஒம்புட்ஸ்மனின் இணையப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். சில வாரத்தில் மிக மரியாதையாகத் திருப்பிவிட்டார்கள்: கவுன்சிலுக்கு இன்னும் முறைப்பாடே செய்யவில்லையே, முதலில் அங்கே செய்யுங்கள்.

14 தடவை சொல்லியிருக்கிறேனே என்றால், அது சேர்விஸ் ரிக்வெஸ்ட். "குப்பையை வந்து எடுங்கள்" என்று கேட்பது சேவைக் கோரிக்கை. "நீங்கள் திரும்பத் திரும்ப எடுக்காமல் விடுகிறீர்கள், நான் சொல்லியும் திருத்தவில்லை" என்பதுதான் முறைப்பாடு. கவுன்சிலின் கணினியில் இரண்டும் வெவ்வேறு வரிசையில் நிற்கும், முதல் வரிசை எத்தனை நீண்டாலும் இரண்டாவதாக மாறாது. போனில் கத்தினாலும் மாறாது. கவுன்சிலரிடம் போய்ச் சொன்னாலும் அது கவுன்சிலர் விசாரிப்பு என்று தனியாகப் பதியப்படும். நம் பகுதிக் கவுன்சிலர் நல்லவர், கோயில் திருவிழாவுக்கு வருவார், உடனே போன் எடுத்துப் பேசவும் செய்தார். ஆனால் அந்தப் போனை முதற்கட்ட முறைப்பாடாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கவுன்சிலரும் எம்பியும் உதவட்டும், கூடவே நீங்கள் உங்கள் கையால் முறைப்பாட்டையும் பதியுங்கள்.

ஒம்புட்ஸ்மனிடம் போக எம்பியின் கையெழுத்து வேண்டும் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். வேண்டாம். மத்திய அரசுத் திணைக்களங்கள் மீதான முறைப்பாட்டுக்குத்தான் எம்பி வழியாகப் போகும் நடைமுறை, அதைக் கேள்விப்பட்டுக் குழப்பிக்கொண்டார்.

3. எழுத்தில் சேருங்கள்

ஒரு சாதாரணக் கொப்பி போதும். திகதி, நேரம், என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன இலக்கம் தந்தார்கள். மாமி தன்னுடைய பழைய கலண்டரில் குப்பை நாளன்று "இல்லை" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் ஆப்பிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷொட்களை விட விசாரணையாளருக்கு அந்தக் கலண்டர்தான் பயன்பட்டது, ஏனென்றால் நான் ஆப்பில் பதியாமல் விட்ட வாரங்களும் அதில் இருந்தன.

சேர்த்து வைக்க வேண்டியவை: கவுன்சில் அனுப்பிய கடிதம், மின்னஞ்சல் எல்லாம் (உறையையும் எறியாதீர்கள், சில வேளை கடிதத்தின் திகதிக்கும் அது வந்து சேர்ந்த திகதிக்கும் இரண்டு வாரம் இடைவெளி இருக்கும்), படங்கள், உங்களுக்குச் செலவு ஏற்பட்டிருந்தால் பற்றுச்சீட்டு, உடல்நலம் சம்பந்தப்பட்டிருந்தால் ஜிபி கடிதம். போனில் பேசினால் வைத்த கையோடு "இன்று 11 மணிக்கு உங்களுடன் பேசியதில் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அது ஆவணம்தான்.

கவுன்சில் உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் முடியும். சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்வெஸ்ட் என்று எழுதிக் கேட்டால் இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், சிக்கலானது என்றால் நீட்டிக்கலாம். எல்லாருக்கும் இது தேவைப்படாது. மாமியின் பெயர் அசிஸ்டெட் கலெக்‌ஷன் பட்டியலில் எப்போது சேர்ந்தது என்று கவுன்சிலே மாறி மாறிச் சொன்னதால் நான் கேட்டேன், மூன்று வருடத்துக்கு முன்பே சேர்ந்திருந்தது தெரிந்தது.

இன்னொருவருக்காகப் பேசுகிறீர்கள் என்றால் சம்மதக் கடிதம் கட்டாயம். ஒரு பக்கத் தாளில், "என் சார்பில் இவர் பேசவும் தகவல் பெறவும் சம்மதிக்கிறேன்" என்று எழுதி, திகதி போட்டு, அவருடைய கையெழுத்து. மகன், மருமகன் என்ற உறவு போதாது. நான் இது இல்லாமல் அனுப்பி ஒரு வாரம் இழந்தேன்.

4. கவுன்சிலுக்கு முதற்கட்ட முறைப்பாடு

கவுன்சில் இணையத்தளத்தில் "கம்ப்ளெயின்ட்ஸ்" என்ற பக்கத்தைத் தேடுங்கள். "ரிப்போர்ட்" என்ற பொத்தான் உங்களை மறுபடியும் ஆப்புக்குள் தள்ளிவிடும். படிவம், மின்னஞ்சல், தபால் எதுவும் ஏற்பார்கள். மின்னஞ்சல் என்றால் தலைப்பிலேயே இது முறையான முறைப்பாடு, ஸ்டேஜ் வன் என்று போடுங்கள். தபால் என்றால் தபாலகத்தில் அனுப்பியதற்கான சான்று கேளுங்கள், அதற்குக் காசில்லை.

என்ன எழுதுவது? நான் முதலில் எழுதியது நான்கு பக்கம். மாமியின் வாழ்க்கை வரலாறு, நாங்கள் கட்டும் கவுன்சில் வரி, முன்பு இருந்த லொறிக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்றெல்லாம். மனைவி வாசித்துவிட்டு "இதில் குப்பை எங்கே?" என்று கேட்டாள். பிறகு ஒன்றரைப் பக்கத்துக்குள் நான்கு விஷயம் மட்டும் வைத்தேன்: கவுன்சில் என்ன செய்திருக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது (திகதிகளோடு), அதனால் மாமிக்கு என்ன பாதிப்பு, என்ன செய்தால் இது தீரும். கடைசி இரண்டையும் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். "மன உளைச்சல்" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். "நான்கு வாரக் குப்பை சமையலறைக் கதவருகில் சேர்ந்தது, புழு வைத்தது, மாமி அந்தக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார், டிசம்பரில் தொட்டியைத் தானே இழுக்கப் போய்த் தடுக்கி விழப் பார்த்தார்" என்று எழுதினால்தான் வாசிப்பவருக்கு விளங்கும்.

தமிழில் எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதுவதற்குத் தடையில்லை, மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம், ஆனால் தாமதமாகும். தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனமாக எழுதுவதே போதும், இலக்கணத்துக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. பிள்ளைகளை வைத்து எழுதுவிப்பதைத் தவிருங்கள். பத்து வயதுப் பிள்ளை கவுன்சிலோடு மல்லுக்கட்டுவது நல்லதில்லை, சில குடும்ப விஷயங்களை அவர்கள் வாசிக்கவும் கூடாது.

விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா என்ற பயம் நம் ஆக்கள் மத்தியில் பலமாக இருக்கிறது. ஒம்புட்ஸ்மனுக்கும் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குப்பைக்கு முறைப்பாடு செய்ததற்காக யாருடைய விண்ணப்பமும் திரும்பி வராது.

கோபத்தில் தினமும் ஐந்து மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அளவுக்கு மீறித் தொடர்புகொள்பவர்களைக் கட்டுப்படுத்தக் கவுன்சில்களிடம் விதிமுறை இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறிவிட்டால், ஒரே ஒரு அதிகாரியிடம் மட்டும்தான், அதுவும் மாதத்துக்கு ஒரு தடவைதான் எழுதலாம் என்று சொல்லிவிடக்கூடும்.

5. இரண்டாம் கட்டமும் காத்திருப்புக் கணக்கும்

2024 பெப்ரவரியில் ஒம்புட்ஸ்மன் அலுவலகம், கவுன்சில்கள் முறைப்பாட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு விதிக்கோவை வெளியிட்டது. அதன்படி முறைப்பாடு கிடைத்து 5 வேலை நாளுக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் முதற்கட்டப் பதில். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலை நாள். காரணம் சொல்லி நீட்டிக்கவும் இடமுண்டு. இது கவுன்சில்களுக்கான வழிகாட்டல். உங்கள் கவுன்சில் தன் இணையத்தளத்தில் என்ன நாட்கணக்குப் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

பிள்ளைகள் பராமரிப்புத் தொடர்பான முறைப்பாடுகள் பலவற்றுக்குச் சட்டப்படி மூன்று கட்டம், இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 65 வேலை நாள் வரை போகலாம். முதியோர் பராமரிப்பில் பெரும்பாலும் ஒரே கட்டம்.

எனக்கு முதற்கட்டப் பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. மூன்று வரி. மன்னிக்கவும், ஊழியர்களுக்கு நினைவூட்டியிருக்கிறோம், முறைப்பாடு ஏற்கப்பட்டது. நம் ஆக்கள் விழும் இன்னொரு குழி இதுதான்: மன்னிப்புக் கேட்டுவிட்டார்களே என்று விட்டுவிடுவது. அடுத்த வாரமே குப்பை கிடந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதினால் "புதிய முறைப்பாடு, மறுபடி முதற்கட்டம்" என்பார்கள். பதில் வந்த கையோடு, கடிதத்தின் அடியில் இரண்டாம் கட்டத்துக்குப் போக எத்தனை நாள் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அதற்குள் எழுதுங்கள். ஒரு பந்தி போதும்: நீங்கள் திருத்துவதாகச் சொன்னீர்கள், இந்த இந்தத் திகதிகளில் மறுபடி நடந்தது, ஏன் நடக்கிறது என்று நீங்கள் பார்க்கவே இல்லை, இரண்டாம் கட்டத்துக்கு எடுங்கள்.

இறுதிப் பதிலில் "நீங்கள் இப்போது ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்" என்று ஒரு வசனம் இருக்கும். அந்தக் கடிதம்தான் உங்கள் நுழைவுச்சீட்டு, பத்திரம். பதிலே வராமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால் காலாகாலத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்று நான்கு மாதம் தாண்டிவிட்டால் நீங்கள் எழுதியதற்கான ஆதாரத்தோடு ஒம்புட்ஸ்மனிடம் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது: பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். நல்ல காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

6. ஒம்புட்ஸ்மன் படிவம்

எல்ஜிஓ டாட் ஓஆர்ஜி டாட் யூகே என்ற தளத்தில் படிவம் இருக்கிறது. இணையம் சரிவராதவர்கள் 0300 061 0614 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். படிவத்தோடு இறுதிப் பதில், முதற்கட்டப் பதில், என் முறைப்பாட்டுக் கடிதம், சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்தேன். 14 ஆப் பதிவுகளையும் தனித்தனியாக இணைக்காமல், ஒரே பக்க அட்டவணையாக்கி அனுப்பினேன்.

அவர்கள் எடைபோடுவது இரண்டை: கவுன்சில் நடைமுறையில் பிழை விட்டதா, அந்தப் பிழையால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா. இரண்டும் சேர வேண்டும். பிழை இருந்து பாதிப்பு சொற்பம் என்றால் விசாரிக்க மாட்டார்கள். ஒரு தடவை தொட்டி தவறிப்போனதற்கு யாரும் விசாரணை நடத்தப்போவதில்லை. பாதிப்பு பெரிது, ஆனால் கவுன்சில் எல்லாவற்றையும் முறைப்படி பார்த்து உங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுத்தது என்றால், அந்த முடிவை மாற்றவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்ட அனுமதி பெற்றது அநியாயம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் ஆட்சேபத்தை அதிகாரி வாசித்துப் பரிசீலித்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. கவுன்சில் வரி கூடிவிட்டது என்பது போல ஊரில் எல்லாரையும் ஒரே மாதிரிப் பாதிக்கும் விஷயத்தையும் எடுக்க மாட்டார்கள். இன்னாரை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று கேட்பதும் வீண்.

என்ன வேண்டும் என்ற கட்டத்தில் நிதானம் தேவை. நான் முதலில் 5,000 பவுண்ட் என்று எழுத நினைத்தேன். பிறகு அவர்களே தளத்தில் வைத்திருக்கும் நிவாரண வழிகாட்டியை வாசித்தேன், நல்லகாலம். மன உளைச்சலுக்கு அடையாளத் தொகைதான், பெரும்பாலும் 500 பவுண்டுக்குள். பெரிய இழப்புகளுக்குக் கணக்கு வேறு: பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கல்வி ஒரு தவணை கிடைக்காமல் போனால் 900 முதல் 2,400 பவுண்ட் வரை, பொருத்தமில்லாத தற்காலிக வீட்டில் இருக்க வைத்தால் மாதத்துக்கு 150 முதல் 350 பவுண்ட் வரை என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. ஆக, காசுக்காக இந்த வழியில் இறங்கினால் ஏமாற்றம்தான். நான் கேட்டது மூன்று: குப்பை ஒழுங்காக எடுக்க வேண்டும், அதைச் சில வாரம் மேற்பார்வையாளர் கண்காணிக்க வேண்டும், மாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்தத் தளத்தில் பழைய முடிவுகள் பெயர் நீக்கிப் போடப்பட்டிருக்கும், கவுன்சில் வாரியாகத் தேடலாம். உங்களுடையதைப் போன்ற இரண்டு மூன்றை வாசித்துவிட்டு எழுதினால் எது எடுபடும், எது எடுபடாது என்று தானாகவே விளங்கிவிடும். இதை ஜனவரியில் செய்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

7. செலவு

ஒம்புட்ஸ்மனுக்குக் கட்டணம் கிடையாது. கவுன்சிலுக்கும் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை; வைத்தால் அந்தச் செலவு சாதாரணமாகத் திரும்பக் கிடைக்காது. "நான் எழுதித் தருகிறேன், 200 பவுண்ட்" என்று யாராவது கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக வழி சொல்வார்கள். எனக்கு மொத்தச் செலவு பிரிண்டர் மை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே விஷயத்துக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் ஒம்புட்ஸ்மன் கைவைக்க முடியாது.

8. விசாரணை நடக்கும்போது

முதலில் விசாரிக்க வேண்டியதா என்று பார்ப்பார்கள். இங்கேயே கணிசமான முறைப்பாடுகள் நின்றுவிடும். அதைத் தாண்டினால் நிலைமை நல்லது: 2023-24இல் அவர்கள் விசாரித்து முடித்தவற்றில் 80 சதவீதத்தில் கவுன்சில் பக்கம் பிழை கண்டிருக்கிறார்கள்.

பிறகு நீண்ட மௌனம். உங்கள் கோப்பு ஒரு விசாரணையாளரின் கைக்குப் போகவே வாரங்கள் ஆகலாம். எனக்கு மே மாதம் கொடுத்து ஒக்டோபரில் வரைவு முடிவு வந்தது. சிக்கலான கோப்புகள் இன்னும் இழுக்கும். நடுவில் விசாரணையாளர் ஒரு தடவை போன் எடுத்தார். நேரில் கூப்பிட மாட்டார்கள், வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணையும் இல்லை. கவுன்சிலிடம் லொறிப் பதிவுகளைக் கேட்டு வாங்கியிருந்தார். அதில் பல நாட்களில் "தொட்டி வெளியே வைக்கப்படவில்லை" என்று தொழிலாளர்கள் குறித்திருந்தார்களாம். வெளியே வைக்க முடியாதவர் என்பதற்காகத்தானே அந்தப் பட்டியலே! அந்த ஒரு வரிதான் வழக்கை முடித்தது, அது கவுன்சிலின் சொந்தப் பதிவிலேயே இருந்தது.

இந்த மாதங்களிலும் கொப்பியை நிறுத்தாதீர்கள். புதிதாக ஏதும் நடந்தால் கோப்பு இலக்கத்தோடு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான்.

வரைவு முடிவு உங்களுக்கும் கவுன்சிலுக்கும் ஒரே நேரத்தில் வரும், கருத்துச் சொல்லக் குறுகிய கெடு தருவார்கள். எழுத்தெண்ணி வாசியுங்கள். மாமியின் வரைவில் இரண்டு திகதிகள் மாறியிருந்தன, அவற்றைச் சுட்டிக்காட்டினேன், திருத்தினார்கள். வரைவை ஊரெல்லாம் பரப்பாதீர்கள், விசாரணை முடியும்வரை அது இரகசியம்.

9. முடிவு வந்த பிறகு

நவம்பரில் இறுதி முடிவு. கவுன்சில் பிழை விட்டது, மாமிக்கு மன்னிப்புக் கடிதம், 150 பவுண்ட், எட்டு வாரக் கண்காணிப்பு. இந்தப் பரிந்துரைகள் நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் 99 சதவீதத்துக்கு மேலானவற்றைக் கவுன்சில்கள் நிறைவேற்றுகின்றன. செய்ததற்கான ஆதாரத்தை ஒம்புட்ஸ்மன் கேட்டு வாங்குவார். குறித்த நாளுக்குள் நடக்காவிட்டால் கவுன்சிலோடு மறுபடி மல்லுக்கட்டாமல் விசாரணையாளருக்கே எழுதுங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் மேன்முறையீடு இல்லை. முக்கியமான உண்மையைத் தவறாக எடுத்தார்கள், அல்லது முன்பு கொடுக்க முடியாத புது ஆதாரம் இருக்கிறது என்றால் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு ஒரு மாதம். வெறும் "எனக்குச் சம்மதமில்லை" என்பதற்குக் கேட்டால் கிடைக்காது. அதற்கப்பால் ஹைகோர்ட்டில் ஜுடிஷியல் ரிவியூ என்ற நீதி மறுஆய்வு வழி இருக்கிறது, மூன்று மாதக் கெடு, செலவு பயங்கரம். அந்தப் பக்கம் போவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எட்டு வாரமும் மாமி கலண்டரில் எழுதினார். ஏழு வாரம் "வந்தது". ஐந்தாம் வாரம் மட்டும் "இல்லை". அதை அன்றைக்கே விசாரணையாளருக்கு அனுப்பினேன், மறுநாள் காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளரே வந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். மாமி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாராம்.